சட்டையில் ஒரு பிழை

அந்தப் பாட்டை இரைச்சல் என்று சொல்கிறவர்களோடு வாதாடுவதை அக்கா எப்போதோ நிறுத்திவிட்டாள். காது இருக்கிறவர்கள் கேட்கட்டும், இல்லாதவர்கள் போகட்டும் என்பது அவள் கட்சி. அவளுக்கு வேலை ஒரு பல் லேபில். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, கடைசியில் பாலிஷ் மோட்டாரில் பிடித்துப் பளபளப்பாக்கித் தர வேண்டும். மோட்டார் நாள் முழுக்க வீல் வீல் என்று கத்தும். அதற்கு மேல் கத்துகிற ஏதாவது காதில் இருந்தால்தான் அவளுக்குக் கை ஓடும். லேப் முதலாளி அவள் ஹெட்போனிலிருந்து கசிகிறதைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, அந்த வயித்துவலிக்காரன் இன்னும் டாக்டர்கிட்ட போகலையா?" என்பார். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

வயிற்றுவலிக்காரன் என்று முதலாளி சொன்னது 'சாம்பல்குழி' என்ற உறுமிப் பாடுகிற டெத் மெட்டல் இசைக்குழுவின் பாடகனை. ரசிகர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் தொண்டை. நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், கொஞ்ச நாள் சந்து பொந்தெல்லாம் போய் வாசித்தார்கள், பிறகு ஆளுக்கொரு வேலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஒரு ஆல்பத்தை வைத்துக்கொண்டு அக்கா மாதிரி ஆட்கள் ஆண்டுக்கணக்கில் குடும்பம் நடத்தினார்கள். வாசித்த பழைய நாட்களில் ஒரு நிகழ்ச்சி விடாமல் போனவள் அவள். ஒருமுறை ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த நிகழ்ச்சியில் மின்சாரம் போய்விட, இருட்டில் டிரம்ஸ் மட்டும் நிற்காமல் ஓடியதைப் பற்றி இன்றைக்கும் யாராவது கேட்டால் போதும், சோறு தண்ணீர் மறந்து சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆல்பத்தில் பாடல் வரிகள் அச்சாகவில்லை. கேட்டால், "படிக்கறதுக்கு எழுதல" என்று தொண்டை சொல்லிவிட்டான். அதனால் வரிகளைக் காதால் பிடிக்க வேண்டியது ரசிகர்கள் தலையில் விழுந்தது. உறுமல் பாட்டில் உயிரெழுத்துகள்தான் முதலில் சாகும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இது 'கல்'லா 'கொல்'லா என்று மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பர்கள்கூட உண்டு. அக்காவின் காதுக்கு நல்ல பெயர். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பலர் ஒத்துக்கொண்டார்கள். 'உலை' என்ற கடைசிப் பாட்டில், எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, தொண்டை மட்டும் தனியாக ஒரு வரியை அடிவயிற்றிலிருந்து இழுப்பான். அது "இருந்து பார்" என்று சொன்னது அக்காதான்.

தம்பிக்கு இதெல்லாம் ஆகாது. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியில் மெல்லிசை கேட்பவன். அக்கா வீட்டில் பாட்டு போட்டால், "அக்கா, யாரோ பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க, போய்க் கதவ உடை" என்று கிண்டல் செய்வான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இருவருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிறகு அந்த விபத்து. நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் சாலையில் இறங்கினாள். தம்பி பிரேக்கை மிதித்தான். பேருந்து நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. விசாரணை நடந்தது, அவன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டிப்போவில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், இறந்தவளின் அண்ணனே வந்து சொல்லிவிட்டுப் போனார். உன் மேல் தப்பில்லை, உன் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க அவன் சுருங்கிக்கொண்டே போனான். வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். வாய் திறந்து பேசுவது நின்றது. தட்டில் வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடக்கும். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். அவன் அதையும் சுவரைப் பார்த்தபடி விழுங்கினான். தம்பி தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வான் என்ற பயம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். அது பிறகு எழுந்து போகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்காக அல்ல, தனக்காக, தாங்க முடியாமல், பக்கத்து அறையில் ஆல்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பாட்டு முடிந்தது. தம்பியின் அறையிலிருந்து குரல் வந்தது.

"அவன் என்ன சொல்றான்?"

அக்கா, எழுந்து போனால் அந்தப் பேச்சு கலைந்துவிடுமோ என்று பயந்து இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள்.

"எங்க?"

"கடைசில. எல்லாம் நின்னதும்."

"இருந்து பார்னு சொல்றான்."

"எவ்வளவு நாள்?" என்றான்.

"அதச் சொல்லல."

"திருப்பிப் போடு."

போட்டாள். அன்றைக்கு எத்தனை முறை போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. உன் மேல் தப்பில்லை என்று சொல்லாத ஒரே குரல் அதுதான் என்பது அவளுக்குப் பிறகு புரிந்தது. ஆறுதல் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை, சும்மா இருந்து பார் என்று ஒரு காட்டுக் கத்தல் கத்தியது. அவ்வளவுதான். அவன் எழுந்து உட்கார்ந்தான். சில வாரங்களில் வேலைக்குப் போனான். ஸ்டீயரிங் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் டிப்போவில் டயர் பிரிவில் போட்டார்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிக்கா, இருந்து பாக்குறேன்" என்பான். போய் வருகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டான். எதிர்வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, தம்பி தினமும் யாருக்காகவோ போய்க் காத்திருக்கிறான், பெண் விஷயமாக இருக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அப்படியே ஆண்டுகள் ஓடின. அதற்குள் தம்பியும் ரசிகனாகிவிட்டிருந்தான், அதுவும் அக்காவைத் தூக்கிச் சாப்பிடுகிற ரசிகன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் பக்தி அதிகம். எந்த நாட்டில் எந்தக் குழு என்ன ஆல்பம் போட்டது, யார் டிரம்மரைத் துரத்தினார்கள் என்றெல்லாம் சாப்பிடும்போது அவளுக்கே பாடம் எடுப்பான். ஆனால் நிகழ்ச்சி எதற்கும் வந்ததில்லை. கூட்டம் என்றால் அவனுக்கு இன்னும் உடம்பு நடுங்கும்.

சாம்பல்குழி ஒரே ஒரு மாலை மறுபடி வாசிக்கப் போகிறது என்ற செய்தி வந்தபோது, "நானும் வர்றேன்" என்று அவனாகச் சொன்னான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவன் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

நிகழ்ச்சி ஒரு பழைய மரச்சாமான் கிடங்கில். லேபிலிருந்து நேராக அக்கா முதலில் போய்ச் சேர்ந்தாள். நகக்கண்ணில் பிளாஸ்டர் காயக்கூட இல்லை. தம்பி வேலை முடித்து வருவதாக ஏற்பாடு. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மேசை, அதன் மேல் கறுப்புச் சட்டைகள். பின்னால் நின்று விற்றுக்கொண்டிருந்தது தொண்டையேதான். இந்த இசை உலகத்தில் நட்சத்திரம் என்று தனியாக ஒருவரும் கிடையாது. பாடுகிறவனே சட்டையும் மடிக்க வேண்டும். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தாள். பார்த்தால் அது பொருந்தத்தான் செய்தது.

அக்கா ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். முன்பக்கம் குழுவின் பெயர், வழக்கம்போல் முள்வேலி சிக்கிக்கொண்ட மாதிரி ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தில். திருப்பினாள். முதுகுப் பக்கம் மட்டும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பது போலத் தெளிவாக, பெரிதாக, இரண்டே சொற்கள்.

எரிந்து பார்.

"இது எந்தப் பாட்டுண்ணா?" என்றாள்.

"'உலை'தான். எல்லாம் நிக்குமே, அங்க."

"அது... இருந்து இல்லையா?"

தொண்டை சிரித்தான். "அப்படியா கேக்குது? எரிந்துதாம்மா. எழுதினதுலேர்ந்து அதான்."

பாட்டின் பெயரே 'உலை'. உலைக்குள் யாராவது இருந்து பார்ப்பார்களா? எரிந்துதானே பார்ப்பார்கள்! இத்தனை நாள் இது ஏன் மண்டையில் உறைக்கவில்லை என்று அக்கா தன்னையே நொந்துகொண்டாள். காது, பெரிய காது. அந்தக் காதை நம்பித்தான் ஒருவன் தினமும் காலையில் செருப்பை மாட்டுகிறான். அவன் பிடித்துக்கொண்டு நிற்கிற கயிறு, அவள் தவறாகக் கேட்ட இரண்டு எழுத்து. அவன் இதைப் படித்தால்? இத்தனை வருடம் தனக்கு ஒரு குரல் சொன்னது இரு என்று அல்ல, எரி என்று தெரிந்தால்?

"அண்ணா, முதுகுப் பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு வைக்க முடியுமா?"

"ஏம்மா, அதுக்காகத்தானே வாங்குறாங்க?"

அவன் சொன்னது உண்மை. திரும்பிப் பார்த்தாள். வாங்கியவர்கள் எல்லாம் போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு நின்றார்கள். கூடம் முழுக்க முதுகுகள். முதுகு முழுக்க எரிந்து பார். ஒரு சட்டையை ஒளித்து வைக்கலாம், ஊரை எங்கே ஒளிப்பது?

கழிவறைப் பக்கம் ஒதுங்கித் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், வராத. ஷோ கேன்சல் ஆயிடுச்சு."

"அப்படியா? நான் வாசல்லதான் நிக்கிறேன். எல்லாரும் உள்ள போயிட்டிருக்காங்களே?"

அவளுக்குப் பொய் வராது, எப்போதும் வந்ததில்லை. வாசலுக்கு ஓடினாள். தம்பி துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில், முதல்நாள் பள்ளிக்கூடம் வந்த பையன் மாதிரி கதவோரம் நின்றிருந்தான். கூட்டத்தைப் பார்த்து உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வந்துவிட்டான்.

"தலை வலிக்குதுடா, வீட்டுக்குப் போயிடலாம்."

"ஒரு பாட்டாவது கேட்டுட்டுப் போவோம்க்கா."

அவள் முன்னால் நின்று மறைத்தாள். அக்கா ஒல்லி. அவள் தோளுக்கு மேலே அவன் பார்வை போவதைப் பார்த்தாள். ஒரு முதுகில் நின்றது. அடுத்த முதுகுக்குப் போனது. அங்கிருந்து அடுத்தது. அவன் உதடுகள் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டின. அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்த அதே பிடி.

"அக்கா," என்றான் தம்பி. "தப்பா அச்சடிச்சிருக்காங்க."

அவள் திரும்பி அந்த முதுகுகளைப் பார்த்தாள்.

"எல்லாச் சட்டையிலயும் தப்பு. பாத்தியா? யாரும் சொல்லலையா அவங்ககிட்ட?"

கையை விடுவித்துக்கொண்டு நடந்தான். விபத்துக்குப் பிறகு முன்பின் தெரியாத ஒருவரிடம் தானாகப் போய் ஒரு வார்த்தை பேசியிராதவன், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக மேசைக்குப் போனான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணா, இந்தச் சட்டையில ஒரு பிழை இருக்கு."

தொண்டை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "எங்கப்பா?"

"இங்க. எரிந்து இல்ல, இருந்து. இருந்து பார்."

தொண்டை அவனைப் பார்த்தான், பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று சொல்லிவிடு, அச்சுக்காரன் சொதப்பிவிட்டான் என்று சொல்லிவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும். தொண்டைக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாலும் தன் வரியில் பொய் சொல்லத் தெரியாத ஆள் போலிருக்கிறது.

"இல்லப்பா," என்றான் மெதுவாக. "எரிந்துதான். நான் எழுதினது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிச்சயமாவா?"

"என் பாட்டுப்பா."

தம்பி அந்த எழுத்துகளை இன்னொரு முறை படித்தான். பிறகு, "அப்ப நீங்கதாண்ணா தப்பா எழுதிட்டீங்க" என்றான்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். "எழுதினவர்கிட்டயேவா?" என்றான் ஒருவன். தம்பி திரும்பவில்லை.

"நான் பஸ் ஓட்டினவன். ஒரு அம்மா குறுக்க வந்தாங்க. நிறுத்தினேன், ஆனா அவங்க இறந்துட்டாங்க. அவங்க கையில துணிப்பை இருந்துச்சு. அதுலேர்ந்து உருண்டு வந்தத எல்லாம் நான்தான் பொறுக்கிப் பைல போட்டேன். ஏன் போட்டேன்னு தெரியாது." இதை அவன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. "எரிஞ்சு பாக்கறதுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லண்ணா. அது தானா நடக்கும். படுத்தா நடக்கும், எழுந்தா நடக்கும். அதுக்கு எதுக்குப் பாட்டு? இருந்து பாக்கறதுக்குத்தான் யாராவது சொல்லணும். அத நீங்க சொன்னீங்கன்னுதான் நான் எழுந்தேன். நான் இருந்து பாத்தவன். எனக்குத் தெரியும், அந்த வரி அதுதான்."

தொண்டை கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

"அந்த வரிய எழுதும்போது ரொம்பச் சின்ன வயசு," என்றான் கடைசியில். "எனக்கு ஒண்ணும் நடந்திருக்கல. எரியறதுன்னா என்னன்னு தெரியாமத்தான் எழுதினேன்."

"பரவால்லண்ணா," என்றான் தம்பி. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டவன் மாதிரி தலையாட்டினான். தொண்டை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மேடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சட்டைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனான்.

மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கிக்கு அருகே மரப்படி ஒன்று இருந்தது. அக்கா அங்கே போய் உட்கார்ந்தாள். தம்பி முன்னால் நின்றான்.

"நீ முன்னாடியே பாத்துட்டல்ல? அதான் கேன்சல்னு சொன்ன."

"பயந்துட்டேன்டா," என்றாள். இத்தனை ஆண்டில் முதல்முறையாக அதை அவனிடம் சொன்னாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ரொம்பப் பயந்துட்டேன்."

"தெரியும்க்கா. ராத்திரி என் கதவுகிட்ட வந்து நிப்பியே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தூங்குகிறான் என்று நினைத்துத்தான், மூச்சு வருகிறதா என்று கேட்டுவிட்டு வருவாள். ஒருநாளும் விட்டதில்லை. ஒருநாளும் அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள்.

"உனக்குக் கேக்கணும்னு கொஞ்சம் சத்தமா மூச்சு விடுவேன்," என்றான். "அப்பதான் நீ போய்ப் படுப்ப. இனிமே வராதக்கா. நான் இருப்பேன். நீ தூங்கு."

விளக்குகள் அணைந்தன. முதல் கிட்டார் அடி விழுந்தபோது படி அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது, அக்காவின் பல் வரிசை அதிர்ந்தது. டிரம்மர் இரண்டு காலாலும் மிதித்த மிதியில் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ ஓடுவது போலிருந்தது. இத்தனை ஆண்டு காத்திருந்த நிகழ்ச்சி. முதல் பாட்டு அவள் உயிர். ஆனால் கண் இமை இரும்பாகக் கனத்தது. சுவரில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிடம் மட்டும் என்று நினைத்துத்தான் சாய்த்தாள்.

கூட்டம் சுழன்று ஒருவர்மேல் ஒருவர் மோதத் தொடங்கியது, இந்தப் பாட்டுக்கு ஆட்டமே அதுதான். ஒரு பையன் தள்ளாடிப் படியின் மேல் விழ வந்தான். தம்பி அவனைத் தோளில் தாங்கி, நிமிர்த்தி, திரும்ப உள்ளே அனுப்பினான். இன்னொருவன் வந்தான், அவனையும் அனுப்பினான். அக்காவுக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் விரித்து நின்றுகொண்டான். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை விட்டிருந்தாலும் அந்த இடத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

'உலை' கடைசியாக வந்தது என்றும், எல்லாம் நின்ற இடத்தில் தொண்டை மேடையின் ஓரத்துக்கு வந்து அந்த வரியைப் பாடினான் என்றும் பிறகு சொன்னார்கள். எரிந்து என்று சிலர் சத்தியம் செய்தார்கள், இருந்து என்று சிலர் அடித்துச் சொன்னார்கள், அதில் புதிதாக இரண்டு பேருக்குப் பேச்சு நின்றது. நல்ல காதுக்காரி நீ சொல் என்று அக்காவிடம் கேட்டார்கள். அவள் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. விளக்குகள் எரிந்து, கூட்டம் கலைந்து, வாத்தியங்களைப் பெட்டியில் கட்டி முடிக்கும்வரை தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி அவளை எழுப்பவில்லை.